கடன் தீராத போர்கள்: இராக்கின் நாற்பதாண்டுக் கணக்கு

2022 ஜனவரியில் இராக் அரசு ஒரு பழைய கடனின் கடைசித் தவணையைச் செலுத்தியது. 1990இல் குவைத்தை ஆக்கிரமித்ததற்காக ஐநா வழியாக இராக்கின் மீது விதிக்கப்பட்ட இழப்பீடு அது. மொத்தத் தொகை 5,240 கோடி டாலர். ஏழு மாத ஆக்கிரமிப்புக்கான தண்டத்தை அடைக்க முப்பது ஆண்டுகள் பிடித்தன. படையெடுப்புக்கு உத்தரவிட்ட சதாம் உசேன் 2006 டிசம்பரிலேயே தூக்கிலிடப்பட்டுவிட்டார். கடன் தீர்ந்த நாளில் வாழ்ந்த இராக்கியர்களில் பெரும்பான்மையினர், அந்தப் படையெடுப்பு நடந்தபோது பிறந்தே இருக்கவில்லை.

ஒரு போர் அதற்கான செலவுக்குத் தகுந்ததா என்ற கேள்விக்கு வழக்கமாக ஒரு எளிய கணக்கே போடப்படுகிறது. படைக்கும் ஆயுதத்துக்கும் ஆன தொகையை ஒரு பக்கமும், கிடைத்த வெற்றியை மறுபக்கமும் வைத்துப் பார்க்கிறோம். அந்தக் கணக்கு துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்த நாளில் மூடப்பட்டுவிடுகிறது. போரைத் தொடங்கிய நாட்டின் கருவூலத்தை விட்டு அது வெளியே வருவதும் இல்லை. இந்த இரண்டு வரம்புகளும் விடையைப் பொய்யாக்கிவிடுகின்றன.

இதைச் சோதித்துப் பார்க்க இராக்கைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு அண்மை வரலாற்றில் இல்லை. 1980, 1990, 2003, 2014 என நான்கு முறை அந்த மண் பெரும்போரைக் கண்டது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு போருக்கும் ஒரு காரணமும் ஒரு முடிவும் உண்டு. சேர்த்துப் பார்த்தால், ஒரு போர் தீர்க்காமல் விட்ட கடனும் சிதைவும் அடுத்த போருக்கு வழி திறந்திருப்பது தெரியும்.

எட்டு ஆண்டுகள், அதே எல்லை

டைக்ரிஸும் யூப்ரடீஸும் கலந்து பாரசீக வளைகுடாவில் சேரும் ஆறு ஷத் அல் அரப். இராக்கின் பஸ்ராவுக்கும், ஈரானின் அபதான், கோரம்ஷர் நகரங்களுக்கும் கடலை அடையும் வழி அதுதான். 1975 மார்ச்சில் அல்ஜியர்ஸில் எட்டப்பட்ட உடன்பாடு, ஆற்றின் ஆழமான கப்பல் தடத்தையே இரு நாடுகளுக்கும் எல்லையாக வகுத்தது. பதிலுக்கு, இராக்கின் குர்துக் கிளர்ச்சியாளர்களுக்குக் கொடுத்துவந்த ஆதரவை ஈரான் நிறுத்தியது.

1980 செப்டம்பர் 17 அன்று சதாம் அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்தார். ஐந்து நாட்களில் அவருடைய படை ஈரானுக்குள் நுழைந்தது. இஸ்லாமியப் புரட்சிக்குப் பிறகு ஈரானின் ராணுவம் குலைந்து கிடந்தது. இராக்கிடம் ஏறத்தாழ 3,500 கோடி டாலர் அந்நியச் செலாவணி கையிருப்பு இருந்தது. எண்ணெய் விலையும் உச்சத்தில் இருந்தது. சில வாரங்களில் முடிந்துவிடும் போருக்கு இந்தப் பணம் தாராளமாகப் போதும் என்று பாக்தாத் நம்பியது. தொடக்கத்தில் போரின் சுமை மக்கள் மீது இறங்கவே இல்லை. சாலைகளும் கட்டடங்களும் எழுந்துகொண்டிருந்தன, கடைகளில் இறக்குமதிப் பொருட்கள் நிறைந்திருந்தன.

ஆனால் போரின் முதல் நாட்களிலேயே பஸ்ரா வழியாக நடந்த கடல் வணிகம் நின்றுபோனது. 1982இல் சிரியா தன் நிலத்தின் வழியே சென்ற இராக்கின் எண்ணெய்க் குழாயை அடைத்தது. 1986இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்தது. கையிருப்பு கரைந்தபின் சவூதி அரேபியாவிடமும் குவைத்திடமும் இராக் கடன் வாங்கியது. ஆயுதங்களைப் பிரான்சும் சோவியத் ஒன்றியமும் கடனுக்குக் கொடுத்தன.

1988 ஆகஸ்டில் போர்நிறுத்தம் வந்தபோது, இரு தரப்பிலும் சேர்த்துச் சுமார் ஐந்து லட்சம் பேர் இறந்திருக்கலாம் என்பது பரவலாக ஏற்கப்பட்ட மதிப்பீடு. உலகின் மிகப் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளுள் ஒன்றான அபதான் ஆலை சிதைந்து கிடந்தது. பொருளியலாளர் கம்ரான் மோஃபித், ராணுவச் செலவு, அழிந்த சொத்து, இழந்த எண்ணெய் வருமானம் ஆகியவற்றைச் சேர்த்து இரு நாடுகளின் இழப்பை ஏறத்தாழ 1.1 லட்சம் கோடி டாலர் என்று கணக்கிட்டார். ஈரானும் இராக்கும் எண்ணெய் விற்கத் தொடங்கிய காலத்திலிருந்து போர் முடியும்வரை ஈட்டிய மொத்த எண்ணெய் வருவாயைப் போல இது இரண்டு மடங்குக்கும் அதிகம்.

இந்தச் செலவில் கிடைத்த பலனைச் சதாமே இரண்டு ஆண்டுகளில் உலகத்துக்குச் சொன்னார். 1990 ஆகஸ்டில் குவைத்தை விழுங்கிய கையோடு, கிழக்கு எல்லையில் தொல்லை வராமலிருக்க, 1975 ஒப்பந்தத்தின் எல்லையை ஏற்பதாக ஈரானுக்குக் கடிதம் எழுதினார். ஒரு சாண் நிலம்கூட மிஞ்சவில்லை.

கடனிலிருந்து பிறந்த படையெடுப்பு

நிலம் மிஞ்சவில்லை என்றாலும் கடன் மிஞ்சியது. போர் முடிந்தபோது இராக்கின் வெளிக்கடன் 8,000 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. அதில் பெரும்பங்கு வளைகுடா அரபு நாடுகளுக்குரியது. ஈரானியப் புரட்சி அரபு மண்ணுக்குப் பரவாமல் நாங்கள் ரத்தம் சிந்தித் தடுத்தோம், ஆகவே அந்தப் பணத்தைக் கடனாகக் கருதக்கூடாது என்பது சதாமின் வாதம். குவைத் அதை ஏற்க மறுத்தது. கூடவே, எண்ணெய் ஏற்றுமதி நாடுகளின் கூட்டமைப்பான ஒபெக் வகுத்த அளவைவிட அதிகமாக எண்ணெய் எடுத்தது. சந்தையில் விலை இறங்கியது. பீப்பாய்க்கு ஒரு டாலர் குறைந்தால் தங்களுக்கு ஆண்டுக்கு 100 கோடி டாலர் இழப்பு என்று சதாம் 1990 மேயில் பாக்தாத்தில் கூடிய அரபுத் தலைவர்களிடம் முறையிட்டார்.

போர் ஓய்ந்த பிறகு இராக்கிடம் ஏறத்தாழ பத்து லட்சம் பேர் கொண்ட படை இருந்தது. அவர்களை வீட்டுக்கு அனுப்பினால் கொடுக்க வேலை இல்லை, படையிலேயே வைத்திருந்தால் கொடுக்கச் சம்பளம் இல்லை. கடன் கொடுத்தவரின் எண்ணெய் வயல்களோ எல்லையை ஒட்டியே இருந்தன. 1990 ஆகஸ்ட் 2 அன்று இராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. பேராசையும் கொடுங்கோன்மையும் இதில் உண்டு. அவற்றுக்கான பொறுப்பிலிருந்து சதாமை எந்த வாதமும் விடுவிக்காது. எனினும் முதல் போரின் கடன் இல்லாமல் இரண்டாவது போரை விளக்க முடியாது.

மலிவான வெற்றி

1991 ஜனவரி 17 அன்று அமெரிக்கா தலைமையிலான கூட்டுப்படை தாக்குதலைத் தொடங்கியது. பிப்ரவரி 28 அன்று போர் நின்றது. குவைத்திலிருந்து இராக் வெளியேற வேண்டும் என்பதே ஐநா பாதுகாப்பு அவை தீர்மானத்தில் எழுதிய நோக்கம். அது நிறைவேறியது. அமெரிக்காவின் போர்ச்செலவு சுமார் 6,100 கோடி டாலர். அதில் ஏறத்தாழ 5,400 கோடியைச் சவூதி அரேபியா, குவைத், ஜப்பான், ஜெர்மனி முதலிய நாடுகள் ஏற்றன.

வழக்கமான கணக்கில் இதைவிடத் தெளிவான ஆதாயம் கிடையாது. நோக்கம் தெளிவு, காலம் குறைவு, செலவு பகிரப்பட்டது, ஒரு நாடு தன் சுதந்திரத்தை மீட்டது. எல்லாப் போரும் வீண் என்று ஒரே வரியில் முடிவுகட்ட இயலாது என்பதற்கு இது சான்று. குவைத்தியர்களைக் கேட்டால், அந்தப் போர் நடந்திருக்க வேண்டாம் என்று சொல்பவர் அரிது.

ஆனால் அமெரிக்கக் கருவூலத்துக்கு வராத செலவு மற்றவர் தலையில் இறங்கியது. பின்வாங்கிய இராக்கியப் படை குவைத்தின் 600க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளுக்குத் தீ வைத்தது. கடைசிக் கிணற்றை அணைக்க நவம்பர் ஆனது. இராக்கின் மின்நிலையங்கள் குண்டுவீச்சில் தகர்ந்தன. மின்சாரம் இல்லாமல் குடிநீர்ச் சுத்திகரிப்பும் கழிவுநீர் வெளியேற்றமும் நின்றன. 1990இல் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடை 2003 வரை நீடித்தது. தினாரின் மதிப்பு வீழ்ந்து, ஓர் ஆசிரியரின் மாதச் சம்பளம் சில டாலர்களாகச் சுருங்கியது. படித்த நடுத்தர வர்க்கம் நாட்டை விட்டு வெளியேறியது. இந்தத் தடை மக்களையே வதைக்கிறது என்று கூறி, இராக்கில் ஐநாவின் மனிதநேயப் பணிகளுக்குத் தலைமை தாங்கிய டெனிஸ் ஹாலிடே 1998இலும், அவருக்குப் பின் வந்த ஹான்ஸ் வான் ஸ்போனெக் 2000இலும் பதவி விலகினார்கள்.

போரில் கலந்துகொள்ளாத இந்தியாவும் விலை கொடுத்தது. குவைத்திலும் இராக்கிலும் வேலை பார்த்த இந்தியர்களில் 1.7 லட்சத்துக்கும் மேற்பட்டோரை ஜோர்டானின் அம்மானிலிருந்து விமானங்களில் அழைத்துவர வேண்டியிருந்தது. அவர்களில் தமிழர்களும் இருந்தார்கள். பலர் சேமிப்பையும் வேலையையும் அங்கேயே விட்டுவிட்டு வந்தவர்கள். வளைகுடாவிலிருந்து ஊருக்கு வந்துகொண்டிருந்த பணம் நின்றது. கச்சா எண்ணெய் விலை சில மாதங்களில் இரு மடங்கானது. இந்தியாவின் அந்நியச் செலாவணி நெருக்கடிக்கு அடிப்படைக் காரணம் 1980களில் பெருகிய அரசின் பற்றாக்குறையும் கடனும்தான் என்றாலும், அதை விளிம்புக்குத் தள்ளியது இந்தப் போர். இரண்டு மூன்று வார இறக்குமதிக்கே கையிருப்பு போதும் என்ற நிலையில், 1991 ஜூலையில் ரிசர்வ் வங்கி சுமார் 47 டன் தங்கத்தை வெளிநாட்டு மத்திய வங்கிகளிடம் அடகு வைத்தது.

குவைத்திலிருந்து வெளியேற நேர்ந்த தொழிலாளர்களுக்கு ஐநா இழப்பீட்டு ஆணையம் பின்னர் தலைக்கு 2,500 அல்லது 4,000 டாலர் வழங்கியது. அந்தப் பணமும் இராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்தே பிடிக்கப்பட்டது. தொடக்கத்தில் அந்தப் பிடித்தம் 30 சதவீதம் வரை இருந்தது. தடையால் மருந்துக்குத் தவித்த மக்களின் எண்ணெயிலிருந்து, அவர்கள் தேர்ந்தெடுக்காத தலைவனின் குற்றத்துக்கான தண்டம் போனது.

2003: சொன்ன செலவும் ஆன செலவும்

இந்த வரிசையில் மூன்றாவதாக, அமெரிக்கா இராக் மீது தொடுத்த போரின் வரவுசெலவு முன்கூட்டியே விவாதிக்கப்பட்டது. அந்த விவாதம் போன விதம் கவனிக்கத்தக்கது. 2002 செப்டம்பரில் அதிபர் புஷ்ஷின் பொருளாதார ஆலோசகர் லாரன்ஸ் லிண்ட்சே, போருக்கு 10,000 முதல் 20,000 கோடி டாலர் வரை ஆகலாம் என்றார். வெள்ளை மாளிகை அந்தத் தொகையிலிருந்து விலகி நின்றது. ஆண்டு முடிவதற்குள் அவர் பதவி இழந்தார். வரவுசெலவு அலுவலகத் தலைவர் மிட்ச் டேனியல்ஸ் சொன்ன தொகை 5,000 முதல் 6,000 கோடி. பாதுகாப்புத் துறைத் துணைச் செயலர் பால் உல்ஃபோவிட்ஸ், தன் மறுசீரமைப்புக்கான பணத்தை இராக் தன் எண்ணெயிலிருந்தே விரைவில் ஈட்டிக்கொள்ளும் என்று நாடாளுமன்றக் குழுவிடம் கூறினார். மறுசீரமைப்புக்கு அமெரிக்கா கொடுக்கப்போவது 170 கோடி டாலர் மட்டுமே என்று 2003 ஏப்ரலில் அமெரிக்க உதவி முகமையின் தலைவர் ஆண்ட்ரூ நாட்சியோஸ் தொலைக்காட்சியில் உறுதி கொடுத்தார்.

மாற்றுக் குரல்களும் இருந்தன. யேல் பல்கலைக்கழகப் பொருளியலாளர் வில்லியம் நார்ட்ஹாஸ் 2002லேயே, எல்லாம் நல்லபடி நடந்தால் பத்தாண்டுகளில் 9,900 கோடி டாலர், நிலைமை கெட்டால் 1.9 லட்சம் கோடி டாலர் என்று இரு எல்லைகளைக் காட்டினார். எதிர்த்தரப்பு வாதத்தையும் மறைக்கக்கூடாது. போரைத் தவிர்ப்பதற்கும் செலவு உண்டு. சதாமைக் கட்டுப்படுத்தி வைக்கப் படைகளை வளைகுடாவில் ஆண்டுக்கணக்கில் நிறுத்த வேண்டும். சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் டேவிஸ், கெவின் மர்பி, ராபர்ட் டோபெல் ஆகியோர் 2003இல் இரண்டையும் ஒப்பிட்டுப் போரே மலிவு என்ற முடிவுக்கு வந்தார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது. ஆனால் அவர்களுடைய விடை, ஆட்சி கவிழ்ந்தபின் என்ன ஆகும் என்ற ஊகத்தை நம்பியிருந்தது. அங்கேதான் எல்லாம் தவறிப்போனது.

பாக்தாத் மூன்று வாரங்களில் விழுந்தது. மே மாதத்தில் அமெரிக்க நிர்வாகி பால் பிரெமர், சதாமின் பாத் கட்சியின் மேல்மட்டத்தினரை அரசுப் பணிகளிலிருந்து நீக்கினார். இராக்கிய ராணுவத்தையும் கலைத்தார். ஆயுதப் பயிற்சி பெற்ற பல லட்சம் ஆண்கள் ஒரே கையெழுத்தில் வேலையும் மரியாதையும் இழந்தார்கள். கிளர்ச்சி மூண்டது, பிறகு சமயப் பிரிவுகளுக்கிடையே உள்நாட்டுப் போர் வந்தது.

170 கோடி என்று சொல்லப்பட்ட மறுசீரமைப்புக்கு அமெரிக்கா இறுதியில் சுமார் 6,000 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் குறைந்தது 800 கோடி வீணானது என்று, அந்தச் செலவைத் தணிக்கை செய்ய நியமிக்கப்பட்ட சிறப்புத் தலைமைக் கண்காணிப்பாளர் ஸ்டூவர்ட் போவென் 2013இல் அறிக்கை கொடுத்தார். ஃபலூஜா நகரின் கழிவுநீர்த் திட்டம் 3.25 கோடி டாலரில் நகர் முழுவதற்கும் என்று தொடங்கி, அதைப் போல மூன்று மடங்கு பணத்தை விழுங்கியும் நகரின் ஒரு பகுதியைத்தான் எட்டியது. கான் பனி சாத் என்ற ஊரில் சுமார் 4 கோடி டாலரைச் செலவிட்டு எழுப்பிய சிறைச்சாலை ஒரு கைதியைக்கூடக் காணாமல் பாதியில் நின்றது.

2050 வரை நீளும் செலவு

அமெரிக்க நாடாளுமன்ற ஆய்வுச் சேவையின் கணக்குப்படி, 2014 வரை இராக் போருக்கென நாடாளுமன்றம் ஒதுக்கிய தொகை 81,500 கோடி டாலர். டேனியல்ஸ் சொன்னதைப் போல இது பதின்மூன்று மடங்குக்கும் மேல். இதுவும் முழுச் செலவாகாது. பொருளியலாளர் ஜோசஃப் ஸ்டிக்லிட்ஸும் லிண்டா பில்ம்ஸும் 2008இல் எழுதிய நூலில் போரின் விலையை 3 லட்சம் கோடி டாலர் என்று மதிப்பிட்டபோது பலர் மிகை என்றார்கள். பிரவுன் பல்கலைக்கழகத்தின் போர்ச்செலவு ஆய்வுத் திட்டம் 2023இல் வெளியிட்ட கணக்கு, இராக்கிலும் சிரியாவிலும் அதுவரை ஆனது 1.79 லட்சம் கோடி என்றும், காயமுற்ற வீரர்களுக்கு 2050 வரை தர வேண்டியதையும் சேர்த்தால் 2.89 லட்சம் கோடி என்றும் காட்டியது.

வீரர்களுக்கான மருத்துவமும் ஓய்வூதியமும் போர் முடிந்தபின்தான் உச்சத்தை எட்டும். முதல் உலகப் போர் வீரர்களுக்கு அமெரிக்கா கொடுத்த உதவித்தொகை உச்சத்தைத் தொட்டது 1969இல். 1865இல் முடிந்த அமெரிக்க உள்நாட்டுப் போரின் கடைசி ஓய்வூதியம், ஒரு வீரரின் மகளுக்கு மாதம் 73.13 டாலராக 2020 வரை போய்க்கொண்டிருந்தது.

பணம் வந்த வழியும் செலவை மறைத்தது. கொரியப் போருக்காக ட்ரூமன் ஆட்சியில் வரி உயர்ந்தது. வியட்நாம் போருக்காக 1968இல் ஜான்சன் வருமானவரி மீது 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். இராக் போரிலோ, படை பாக்தாத்தில் நின்ற 2003 மே மாதத்திலேயே வரி குறைக்கப்பட்டது. பல ஆண்டுகள் வழக்கமான வரவுசெலவுத் திட்டத்துக்கு வெளியே, அவசர ஒதுக்கீடு என்ற பெயரில் பணம் அனுமதிக்கப்பட்டது. முழுவதும் கடன். அமெரிக்கக் குடும்பம் ஒன்று தன் மாதச் செலவில் போரின் பாரத்தை உணரவே இல்லை. 1980களின் தொடக்கத்தில் சதாம் தன் மக்களுக்குச் செய்ததும் இதுவே. ஒன்று சர்வாதிகாரம், மற்றது மக்களாட்சி. போரின் விலையை மக்கள் கண்ணில் படாமல் வைத்ததில் இரண்டுக்கும் வேற்றுமை இல்லை.

பலன் என்ன?

அறிவித்த முதல் நோக்கம் பேரழிவு ஆயுதங்களைக் கைப்பற்றுவது. அப்படிப்பட்ட ஆயுதக் குவியல் எதுவும் அங்கே இல்லை என்று அமெரிக்காவே அனுப்பிய ஆய்வுக்குழு 2004இல் உறுதி செய்தது. அதன்பின் நோக்கம் மக்களாட்சி என்று மாறியது.

பலன் எதுவும் இல்லை என்று சொல்வது நியாயமாகாது. 1988 மார்ச்சில் ஹலப்ஜாவில் நச்சுவாயு வீசி ஆயிரக்கணக்கான குர்துகளைக் கொன்ற ஆட்சி போனது. குர்துகள் தன்னாட்சியைச் சட்டப்படி பெற்றார்கள், ஷியாக்கள் தடையின்றிக் கர்பலாவுக்கு யாத்திரை போனார்கள், 2005இல் அரசமைப்புச் சட்டம் வந்தது, தேர்தல்கள் நடக்கின்றன. தன் மகன் காணாமல் போவானோ என்று பத்தாண்டுகள் அஞ்சி வாழ்ந்த தாய்க்கு இது சிறிய மாற்றமல்ல. இந்தப் பலனை டாலரில் அளக்க முயல்வதே பிழை.

ஆனால் அதே மக்கள் கொடுத்த விலையையும் பக்கத்தில் வைக்க வேண்டும். வன்முறையில் இறந்த பொதுமக்கள் மட்டும், ஒவ்வொரு சாவையும் செய்திப் பதிவுகளிலிருந்து எண்ணும் இராக் பாடி கவுண்ட் கணக்கில் 1,80,000க்கும் மேல். இறந்த அமெரிக்க வீரர்கள் சுமார் 4,500. 2014 ஜூனில் மோசுல் நகரம் ஐஎஸ் தீவிரவாத அமைப்பின் கைக்குப் போனது. கலைக்கப்பட்ட ராணுவத்தின் அதிகாரிகள் பலர் அந்த அமைப்பின் படைத்தலைவர்களாக இருந்தார்கள். நகரை மீட்ட போரில் அதன் மேற்குப் பகுதி இடிபாடானது. ஐஎஸ்ஸால் நேர்ந்த சேதம் 4,570 கோடி டாலர், மீட்டெடுக்க 8,820 கோடி வேண்டும் என்று உலக வங்கியும் இராக் அரசும் 2018இல் மதிப்பிட்டன. அதற்காகக் கூடிய மாநாட்டில் 3,000 கோடிதான் உறுதியானது, அதிலும் பெரும்பகுதி கடன். அமெரிக்கத் தரைப்படை தானே எழுதி 2019இல் வெளியிட்ட வரலாறு, இந்தப் போரில் வென்றதாகத் தெரியும் ஒரே நாடு ஈரான் என்ற முடிவுக்கு வந்தது.

எடைபோடும் முறை

இந்த நாற்பதாண்டிலிருந்து மூன்று பாடங்கள் தெளிவாகக் கிடைக்கின்றன.

முதலாவது, நோக்கத்தைப் போருக்கு முன்பே எழுதி வைக்காவிட்டால் பலனை அளக்கவே முடியாது. 1991 போரை மதிப்பிட முடிகிறது. காரணம், அது எதற்காக நடந்தது என்பதும் எப்போது நிற்க வேண்டும் என்பதும் முன்பே எழுதப்பட்டிருந்தன. 2003 போரில் நோக்கம் மாறிக்கொண்டே இருந்ததால், செலவு எவ்வளவு ஏறினாலும் அதை நியாயப்படுத்த ஒரு புதிய நோக்கம் கிடைத்தது.

இரண்டாவது, சண்டை முடிந்த பிறகு வருவதையும் செலவில் சேர்க்க வேண்டும். காயமுற்றவரின் சிகிச்சை, கடனின் வட்டி, கலைக்கப்பட்ட படையினரின் பிழைப்பு, தகர்ந்த நீர்நிலையங்கள் எல்லாம் போரின் பகுதிகளே. இவற்றுக்குப் பணம் ஒதுக்காமல் விட்டால் அந்தச் செலவு மறைந்துபோவதில்லை. 1988க்குப் பின் இராக்கின் கடனும், 2003க்குப் பின் அதன் வேலையற்ற வீரர்களும் காட்டியது அதைத்தான்.

மூன்றாவது, எதிரி நாட்டு மக்களின் இழப்பும் மூன்றாம் நாடுகளின் இழப்பும் கணக்கில் வர வேண்டும். இது கருணை சார்ந்த வேண்டுகோள் மட்டுமல்ல. அழிந்த நாட்டிலிருந்து கிளம்பும் அடுத்த நெருக்கடி எல்லைகளுக்குள் நிற்காது.

இவற்றை நடைமுறையாக்க வழி இருக்கிறது. போருக்கு அனுமதி கேட்கும் அரசு, நல்லதும் கெட்டதுமான இரு நிலைகளுக்கும் செலவு மதிப்பீட்டை வெளியிட வேண்டும். வீரர்களின் வருங்கால மருத்துவத்துக்கான நிதியை அன்றே தனியாக எடுத்து வைக்க வேண்டும். முதல் நாளிலிருந்தே சுதந்திரமான தணிக்கையாளர் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, செலவை அந்தந்த ஆண்டின் வரியிலிருந்தே கொடுக்க வேண்டும்.

வரி போட்டால் மக்கள் ஏற்கமாட்டார்கள் என்று அஞ்சி ஓர் அரசு கடனில் போர் நடத்துமானால், அந்தப் போர் விலைக்குத் தகுந்ததல்ல என்று மக்கள் சொல்லிவிடுவார்கள் என்பது அந்த அரசுக்கே தெரியும். அப்படித் தெரிந்தும் தொடங்கும் போருக்கு மக்களின் ஒப்புதல் இருக்கிறது என்று எந்த நாடாளுமன்றமும் சொல்லிக்கொள்ள முடியாது.